முள் கம்பெனிக்கு ஆள் தேடிய மூன்று நாள்

நார்வேக்காரருக்கு மொழிபெயர்க்க
நாளுக்கு இரண்டாயிரம், மதியச் சாப்பாடு தனி.
ஹோகன் என்று பெயர். கைப்பெட்டிக்குள்
பதினொரு அளவில் தூண்டில் முள்,
நகைக்கடைத் தட்டில்போல் பஞ்சில் பதித்து.
சுறாவுக்கு, சூரைக்கு,
எனக்குப் பெயர் தெரியாத இன்னும் சிலவற்றுக்கு.
விற்க ஓர் உள்ளூர் ஏஜென்ட் வேண்டும்.
கேள்வி ஒன்றுதான் கொண்டுவந்திருந்தார்:
உங்களுக்கு யாரைத் தெரியும்?

நாகர்கோவிலில் ரெஜினால்ட்.
சுவரில் நாலு கட்சித் தலைவர்களோடு நாலு படம்,
நாலிலும் அதே சட்டை.
கலெக்டர் ஆபீசில் ஆளுண்டு, துறைமுகத்தில் ஆளுண்டு,
"ஒரு போன் போதும் சார்" என்றார் ஆறு தடவை.
ஆறையும் ஆறு விதமாகச் சொன்னேன்.
அவரிடம் இல்லாத அடக்கத்தையும்
நடுநடுவே நானே சேர்த்துக்கொடுத்தேன்.

குளச்சலில் ஐஸ் பிளான்ட் அசனார்.
"தெரியுமாவது! அறுபது போட்டு எனக்க கடன்ல நிக்கி.
எனக்க ஐஸ் எடுக்கியவன்
எனக்க முள்ளுதான் எடுக்கணும்."
அன்றிரவு லாட்ஜில்
ஹோகன் இந்தப் பெயருக்குக் கீழே
இரண்டு கோடு போட்டார்.

தேங்காய்ப்பட்டணத்தில் டீக்கு நிறுத்தினோம்.
பக்கத்துக் கடை வயர்லெஸ் ரிப்பேர். பட்டியலில் இல்லாத கடை.
கமிலஸ், வயது ஐம்பதிருக்கும், ஈயம் பற்றவைத்த விரல்கள்.
கேள்வியைக் கேட்டேன்.
பதில் வர முக்கால் மணி நேரமானது,
ரேடியோ விட்டால்தானே.
மங்களூருக்கு வெளியே நிற்பவன் சொன்னதை
கொச்சிக்கு நேரே நிற்பவன் சொல்ல,
அதை வேறொருவன் வாங்கிச் சொல்ல,
இவர் கேட்டுக்கொண்டு போனை எடுத்து
யாரோ ஒருத்தியிடம்
"ஆளு நல்லா இருக்கான், கியர் பாக்ஸ்தான் போச்சு" என்றார்.
அதை மொழிபெயர்க்க ஹோகன் கேட்கவேயில்லை.
டீ ஆறிப்போக அந்தப் பெட்டியையே பார்த்திருந்தார்.

பிறகு முள்.
ஒவ்வொன்றாக இடுக்கியில் கவ்வி இழுத்துப் பார்த்து
நாலாவதைத் தனியே எடுத்து வைத்தார் கமிலஸ்.
"இது நிமிரும். இத நான் விக்க மாட்டேன்."
ஏன் என்று கேட்கச் சொன்னார் ஹோகன்.
"நிமிந்தா மீன் போவும். மீன் போனா அவன் இஞ்ச வருவான்.
நான் எங்க போவேன்?
ஞாயிற்றுக்கிழமை இருக்குல்லா."

இதற்கு ஆங்கிலம் என்ன?
பூசை முடிந்து, கோயில் முற்றத்தில்
செருப்பைத் தேடிக்கொண்டே
முந்நூறு பேர் ஒருத்தனைப் பார்ப்பதற்கு?
குவாலிட்டி கண்ட்ரோல் என்று சொல்லிவைத்தேன்.
ஹோகன் சிரித்தார். நம்பவில்லை என்று தோன்றியது.
ஆனால் தாளை எடுத்தார்.

தாளில் எல்லை என்று ஒரு கட்டம்.
மாவட்டத்தின் பெயரை எழுதப் போனவரை
கமிலஸ் கைகாட்டி நிறுத்தினார்.
"நமக்க போட்டு இஞ்சயா நிக்கி?
கேக்கிய தூரம் வரைன்னு போடச் சொல்லு."
அதை மட்டும்
கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசல்.
விமானத்துக்கு நேரமிருந்தது.
இந்த நாட்டில் எங்களுக்குக் கிடைத்த முதல் ஆள் நீங்கள்தான்
என்று ஹோகன் கை கொடுத்தார்.
மூன்று நாளில் அந்தக் கேள்வியை
என்னிடம் அவர் கேட்கவில்லை.

ரெஜினால்ட் எனக்கு அத்தான் முறை.
கம்பெனிக்கு என் நம்பரைக் கொடுத்ததே அவர்தான்.
வில்லுக்குறியில் அவர் கட்டிய புது வீட்டுக்குப் பால்காய்ப்பு,
கார்டு போன வாரமே வந்துவிட்டது.
ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதுக்கு.